எண்ணூர் காரும் இரண்டு பீஸும்

நடவு முடிஞ்சு நாலு நாள் ஆச்சு. வயல்ல தண்ணி கட்டுறதைத் தவிர பெரிசா வேலை இல்லை. ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச ஒரு விஷயத்தை இன்னைக்கு எழுதிடுறேன். இது நெல்லைப் பத்தி இல்லை, மாட்டைப் பத்தியும் இல்லை. அப்பா விட்டுட்டுப் போன 1977 மாடல் அம்பாசடரோட பீஸ் பாக்ஸைப் பத்தி.

சிரிக்காதீங்க. அந்தச் சின்ன டப்பாவுக்குள்ள வடசென்னையோட எழுபது வருஷக் கதை இருக்கு. அது தெரியாம நான் அதுல கையை வெச்சேன். அதனால ஒரு ராத்திரி நானும் என் வீட்டுக்காரியும் வண்டியோட கருகியிருப்போம்.

எங்க ஊர் பொன்னேரிக்குப் பக்கம். பௌர்ணமிக்குத் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போயிட்டு ராத்திரி திரும்பிக்கிட்டு இருந்தோம். அந்த ரோடு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், ரெண்டு பக்கமும் கன்டெய்னர் லாரிதான். மணலி புதுநகர் தாண்டினதும் ரப்பர் எரியுற வாடை. லாரி பிரேக்கு போலன்னு நினைச்சேன். அப்புறம் டேஷ்போர்டுக்கு அடியிலேர்ந்து வெள்ளையாப் புகை. வண்டியை ஓரங்கட்டி சாவியைத் திருகி எடுத்தேன். புகை நிக்கல. சாவி கையில இருக்கு, வண்டி உள்ளுக்குள்ள எரியுது. பானெட்டைத் திறந்து, துண்டைக் கையில சுத்திக்கிட்டு, பேட்டரி டெர்மினலைப் பிடிச்சு இழுத்தேன். ரொம்ப நாளா அது லூசுன்னு திட்டிக்கிட்டே இருந்தேன். அன்னைக்கு அந்த லூசுதான் எங்களைக் காப்பாத்திச்சு.

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்துக்கிட்டு திரும்பவும் திருவொற்றியூர் போனேன். அத்தை வீட்டு மாமா அங்கே ஐம்பது வருஷமா ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவர். அவரோட அப்பா எண்ணூர் கார் கம்பெனியில ஆரம்ப காலத்துல வேலை செஞ்சவர். மாமா பீஸ் பாக்ஸைத் திறந்தார். உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னா மாப்ள இது?"

கண்ணாடிக் குழாய் பீஸ் இருக்க வேண்டிய இடத்துல செம்புக் கம்பி. நாலஞ்சு இழையை முறுக்கி நானே சுத்தினது. ஊர்ல டிரான்ஸ்ஃபார்மர்ல பீஸ் போனா அப்படித்தானே கட்டுவோம்? அதே பழக்கத்துல கார்லயும் கட்டிட்டேன். பசங்க கேட்டாங்கன்னு பாட்டு செட்டு, அதுகூட போன் சார்ஜர், பனிக்காலத்துக்கு ரெண்டு ஃபாக் லைட்டு, லாரிக்காரன் காதுல விழணும்னு இன்னொரு ஹாரன். எல்லாத்தையும் ஒரே ஒயர்ல கிள்ளிக் கிள்ளிக் கொடுத்திருந்தேன். பீஸ் அடிக்கடி போச்சு. போற பீஸ் என்ன சொல்லுதுன்னு கேட்காம அதோட வாயை அடைச்சிட்டேன்.

மாமா திட்டல. டீ சொன்னார். அன்னைக்கு மத்தியானம் அவர் சொன்னதையும், பின்னாடி நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுறேன்.

நாடு விடுதலை அடைஞ்ச மறு வருஷம், 1948 செப்டம்பரில், ரகுநந்தன் சரண் என்பவர் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். பஞ்சாபைச் சேர்ந்த சுதந்திரப் போராட்டக்காரர். தன் மகன் அசோக் பெயரைக் கம்பெனிக்கு வைத்தார். தொழிற்சாலை எண்ணூரில். இங்கிலாந்தின் ஆஸ்டின் ஏ40 காரை, அங்கிருந்து வரும் பாகங்களை வைத்து இங்கே பூட்டுவது வேலை. 1949 செப்டம்பரில் முதல் கார் வெளியே வந்தது. இன்னைக்கு எண்ணூர்னா சாம்பலும் புகைபோக்கியும்தான் நம்ம ஞாபகத்துக்கு வருது. அந்த ஊர்ல கார் பூட்டினாங்கன்னு சொன்னா பல பேர் நம்ப மாட்டாங்க.

அந்த ஆஸ்டினில் கரண்டுக்கு என்ன வேலை? இஞ்சினை ஸ்டார்ட் பண்ணணும். ஸ்பார்க் கொடுக்கணும். முன்னாடி பின்னாடி விளக்கு, ஹாரன், ஒயிப்பர். திரும்பும்போது காரோட பக்கவாட்டுத் தூணிலிருந்து சின்னக் கை மாதிரி ஒரு சிக்னல் வெளியே நீளும், அதுக்குக் கொஞ்சம். அவ்வளவுதான். ஏசி இல்லை, சார்ஜர் இல்லை, கண்ணாடி ஏத்தி இறக்க மோட்டார் இல்லை. ரேடியோகூட வசதியுள்ளவங்க தனியா வாங்கி மாட்டிக்கிறதுதான்.

இந்த மின்சாமான்களைச் செஞ்சது பர்மிங்ஹாமின் லூக்காஸ் கம்பெனி. 1860களில் மண்ணெண்ணெய் வித்து வளர்ந்த குடும்பத் தொழில். பிரிட்டிஷ் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு டைனமோவிலிருந்து பல்பு வரைக்கும் அவங்கதான். அந்தக் காலத்து லூக்காஸ் ஏற்பாட்டில் பொதுவா இரண்டே பீஸ்தான். பக்கத்துலயே ரெண்டு உபரி பீஸைச் சொருகி வெச்சிருப்பாங்க. ஒரு பீஸ் எப்பவும் உயிரோட இருக்கும் லைனுக்கு. ஹாரன், உள் விளக்கு மாதிரி, சாவி இல்லாமலும் வேலை செய்யணும்னு நினைக்கிறதெல்லாம் அதுல. இன்னொண்ணு சாவி போட்டாத்தான் உயிர் வரும் லைனுக்கு. ஒயிப்பர், சிக்னல், பெட்ரோல் முள் இதெல்லாம் அதுல. முனைகளுக்கு ஏ1, ஏ2, ஏ3, ஏ4ன்னு பேர். ஒண்ணுல வந்து ரெண்டுல போகும், மூணுல வந்து நாலுல போகும்.

ஒயருக்கு ஒயர் நிறமும் உண்டு. பழுப்புன்னா பேட்டரியிலிருந்து நேரா வர்றது, பீஸ் கிடையாது. வெள்ளைன்னா சாவி தாண்டி வர்றது. பச்சைன்னா சாவியும் தாண்டி பீஸும் தாண்டி வர்றது. நீலம் ஹெட்லைட், சிவப்பு சின்ன விளக்கு, கறுப்பு பாடிக்குப் போறது. மாமாவுக்கு எழுதப் படிக்க அதிகம் வராது. ஆனா இந்த ஆறு நிறத்தை வெச்சு இருட்டுலகூட ஒரு காரைப் படிச்சிடுவார். அவரோட அப்பா அவருக்குச் சொல்லிக் கொடுத்த அரிச்சுவடி அது.

"ஹெட்லைட்டு எந்த பீஸு மாமா?"ன்னு கேட்டேன்.

"அதுக்கு பீஸே கெடையாது மாப்ள."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தலைமுறை பிரிட்டிஷ் வண்டிகள் பலதிலும் ஹெட்லைட் லைனுக்கு பீஸ் இல்லை. அதுக்குச் சொல்ற காரணம் இது: ஓடிக்கிட்டிருக்கும்போது ஒரு பீஸ் போய் ரெண்டு விளக்கும் ஒண்ணா அணைஞ்சா அதுவே விபத்து. சரியான கனத்துல ஒயர் போட்டு, மாட்டின பல்பை மாத்தாம இருந்தா அந்த லைன் தாங்கும். மாட்டின பல்பை மாத்தாம இருந்தா. எல்லாமே அந்த ஒரு நிபந்தனையிலதான் இருக்கு.

அந்தப் பீஸில் 35ன்னு எண் போட்டிருக்கும். 35 ஆம்பியர் வரைக்கும் இழுக்கலாம்னுதான் நானும் நினைச்சேன். லூக்காஸ் கணக்கில் 35 என்பது உருகிப் போகிற அளவு. தொடர்ந்து ஓடக்கூடியது ஏறக்குறைய அதில் பாதி, 17 ஆம்பியர்தான். இன்னைக்குக் கடையில் கிடைக்கிற பீஸ்களில் எழுதியிருப்பது தொடர்ந்து ஓடுற அளவு. 35க்கு பதிலா புதுசு 35 வாங்கிப் போட்டா, பழைய ஒயருக்கு ரெண்டு மடங்கு சுமையை அனுமதிக்கிறோம்னு அர்த்தம். எண் ஒண்ணுதான், பொருள் வேற. நான் போட்ட செம்புக் கம்பிக்கு எண்ணே கிடையாது.

பீஸுங்கிற யோசனையே காருக்கு முந்தினது. 1847லேயே ப்ரெகே என்ற பிரெஞ்சுக்காரர், தந்தி நிலையங்களை இடியிலிருந்து காப்பாத்த, லைனில் ஒரு இடத்தில் மட்டும் மெல்லிசான கம்பியை வைக்கச் சொன்னார். இடி விழுந்தா அந்த மெல்லிசு மட்டும் போகும், உள்ளே இருக்கிற கருவியும் ஆளும் பிழைப்பாங்க. 1890ல் எடிசன் தன் மின்விநியோக ஏற்பாட்டுக்காக பீஸுக்குக் காப்புரிமை வாங்கினார். தத்துவம் அப்போதிலிருந்து இப்போது வரைக்கும் ஒண்ணுதான். முழு லைனிலும் ரொம்ப பலவீனமான இடம் எதுன்னு நாமே முன்கூட்டித் தீர்மானிச்சு, கை எட்டுற இடத்துல வெச்சுக்கணும். நாம தீர்மானிக்கலைன்னா லைனே தீர்மானிச்சுக்கும். என் வண்டியில அது டேஷ்போர்டுக்குப் பின்னாடி, தகரத்துல உரசி உரசித் தோல் போன ஒரு பழைய ஒயராப் பார்த்துத் தீர்மானிச்சது.

எண்ணூர் கதைக்குத் திரும்பறேன். ஆஸ்டின் ரொம்ப வருஷம் ஓடல. நாட்டுக்குக் காரைவிட லாரியும் பஸ்ஸும்தான் தேவைன்னு நினைச்ச ரகுநந்தன் சரண், இங்கிலாந்தின் லேலண்ட் கம்பெனியோட பேசிக்கிட்டிருந்தார். ஒரு விமான விபத்தில் அவர் இறந்துபோனார். பேச்சு நிக்கல. 1953ல் மத்திய அரசு, வெளிநாட்டுப் பாகங்களை வாங்கிப் பூட்டுறதோட நிக்கிற கம்பெனிகள் இனி வேண்டாம், இங்கேயே தயாரிக்கத் திட்டம் உள்ளவங்க மட்டும் இருக்கலாம்னு முடிவெடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவில் கடையைக் கட்டினது அதுக்கப்புறம்தான். எண்ணூர் கம்பெனி 1955ல் அசோக் லேலண்ட் ஆச்சு, கார் போய் லாரி வந்தது. அதே 1955ல் திருவொற்றியூர் பக்கம் என்ஃபீல்டு இந்தியா வந்தது, புல்லட் ஓட ஆரம்பிச்சது. 1961ல் லூக்காஸும் டிவிஎஸ் குடும்பமும் சேர்ந்து பாடியில் லூக்காஸ் டிவிஎஸ்ஸைத் தொடங்கினாங்க. டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் கப்பலுக்குக் காத்திருக்காம பாடியிலேயே கிடைச்சது.

துறைமுகத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும் உள்ள இந்தக் கடற்கரைப் பட்டையில, ஒரே தலைமுறைக்குள்ள, ஆர்மெச்சூர் சுத்தத் தெரிஞ்சவங்க, ஒயரிங் போடத் தெரிஞ்சவங்க நிறையப் பேர் உருவானாங்க. கம்பெனிக்குள்ள கத்துக்கிட்டவங்களும் உண்டு, மாமா மாதிரி வெளியே மரத்தடியில கத்துக்கிட்டவங்களும் உண்டு. இந்தப் பக்கத்துக்குன்னு ஒரு வியாதியும் இருக்கு. உப்புக் காத்து. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் எந்தப் பழைய வண்டியோட கனெக்டரைக் கழட்டினாலும் பச்சைக் களிம்பு பிடிச்சிருக்கும். நம்ம வீட்டுச் செம்புக் குடத்துல பிடிக்கிற அதே களிம்புதான். களிம்பு பிடிச்ச இடத்துல கரண்டு சிரமப்பட்டுப் போகும், சூடு ஏறும். அதனால மாமா எந்த வேலையையும் உப்புத்தாளில்தான் ஆரம்பிப்பார்.

அம்பாசடர் இங்கே செஞ்ச வண்டி இல்லை, வங்காளத்து உத்தர்பாராவில் செஞ்சது. ஆனா அதுவும் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுங்கிற பிரிட்டிஷ் காரோட வாரிசு. 1949 ஆஸ்டினைப் படிச்சவருக்கு என் வண்டி அதே பாடப்புத்தகம்தான். மாமா அதுல செஞ்ச வேலையைச் சொல்றேன். பழைய கார் வெச்சிருக்கிறவங்களுக்கு உபயோகப்படும்.

முதல்ல, நான் கிள்ளிக் கொடுத்த அத்தனை ஒயரையும் கழட்டினார். பழைய பீஸ் பாக்ஸைக் கம்பெனியில இருந்து வந்த நாள்ல எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கினார். "அது அவன் கணக்கு மாப்ள. அதுல நாம வாய் வெக்கக் கூடாது."

ரெண்டாவது, ஸ்டார்ட்டர் சுவிட்சுல பேட்டரிக் கம்பி வந்து சேருற இடத்துலேர்ந்து தனியா ஒரு கனமான ஒயர் எடுத்தார். அந்த ஒயர் கிளம்பி ஒரு சாண்கூடப் போகலை, அதுக்குள்ள ஒரு மெயின் பீஸ். அதுக்கு முன்னாடி இருக்கிற துண்டு ஒயருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது, அதனால அது எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. அது போய் ஆறு பீஸ் போடுற புது டப்பாவில் சேர்ந்தது. 1970களில் வந்த தட்டையான பிளேடு பீஸ்தான் இதுல. நிறமே அளவைச் சொல்லிடும். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20.

மூணாவது, ரிலே. நாலு கால் இருக்கும், நாலுக்கும் எண் இருக்கும். 30ல பேட்டரியிலிருந்து வர்ற கரண்டு, 87ல விளக்குக்குப் போற கரண்டு. 85, 86 ரெண்டும் உள்ளே இருக்கிற சின்னக் காந்தச் சுருளுக்கு. ஹெட்லைட் சுவிட்சுலேர்ந்து வந்த பழைய நீல ஒயரை எடுத்து இந்தச் சுருளுக்குக் கொடுத்தார். சுருள் இழுக்கிறது கால் ஆம்பியர்கூட இல்லை. பழைய சுவிட்சு இப்போ உத்தரவு மட்டும்தான் போடுது, சுமையைத் தூக்குறது புது ஒயர். இடது விளக்குக்கு ஒரு பீஸ், வலதுக்கு ஒரு பீஸ். ஒண்ணு போனாலும் ஒரு கண்ணு மிஞ்சும். பழைய காலத்துப் பயத்துக்கும் பதில் கிடைச்சாச்சு.

வேலைக்கு முன்னாடி மீட்டரை வெச்சுப் பார்த்தப்போ பேட்டரியில 12.4 வோல்ட், பல்பு கிட்ட 10.9. நடுவுல ஒன்றரை வோல்ட்டை சுவிட்சும் களிம்பும் தின்னுக்கிட்டு இருந்தது. பத்து சதவீதம் வோல்ட் குறைஞ்சா வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். வெளிச்சம் போதலைன்னுதானே நான் ஃபாக் லைட்டே மாட்டினேன்? ரிலே போட்டதும் பல்பு கிட்ட 12.1 வந்தது. வெளிச்சம் வண்டியிலேயே இருந்திருக்கு, வழியிலதான் தொலைஞ்சு போயிருக்கு.

ஃபாக் லைட்டைத் திரும்ப மாட்டலாமான்னு கேட்டேன். மாமா ஒரு சிகரெட் அட்டையைக் கிழிச்சுக் கணக்குப் போட்டார். ஹெட்லைட்டு 60 வாட் ரெண்டு, 12ஆல வகுத்தா 10 ஆம்பியர். சின்ன விளக்குங்க எல்லாம் சேர்ந்து 2. இக்னீஷன் காயில் 4. மழை பெஞ்சா ஒயிப்பர் 3. மொத்தம் 19. என் வண்டி டைனமோ நல்லா ஓடினா கொடுக்கிறது 22. மீதி 3 ஆம்பியர். 55 வாட் ஃபாக் லைட் ரெண்டு போட்டா 9 வேணும்.

"பொட்டிய பெருசு பண்ணா கரண்டு பெருசாவாது மாப்ள. இன்னும் ஆறு பீஸு கூட வெக்கலாம். டைனமோ ஒண்ணுதான?"

அந்த வார்த்தையிலதான் எனக்கு எங்க ஊர் ஞாபகம் வந்தது. எங்க பக்கம் ஒரு 63 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு. 1990 வாக்கில் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தப்போ அப்பா காலத்து மோட்டார்கள் கொஞ்சம்தான் அதுல ஓடிச்சு. அப்புறம் தண்ணி கீழே போகப் போக 3 குதிரைத்திறன் 5 ஆச்சு, 5 ஏழரை ஆச்சு, கிணறு போர் ஆச்சு. டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் அதேதான். சாயங்காலம் எல்லாரும் ஒரே நேரத்துல போட்டா பீஸ் போகும். யாராவது ஒருத்தர் போய் இன்னும் கனமான கம்பியாக் கட்டுவார். அடுத்து எரியப்போறது ஒருத்தர் மோட்டார் காயில், இல்லைன்னா டிரான்ஸ்ஃபார்மரே. காய்ல் சுத்தக் கொடுத்துட்டு, பயிர் காயுதேன்னு கரையில உட்கார்ந்திருக்கிறது எனக்கும் பழக்கம். அப்பவும் பீஸைத்தான் திட்டுவோம்.

வாய்க்கால் விஷயத்துல இந்தத் தப்பைப் பண்ண மாட்டோம். புதுசா ஒரு வயலைத் திருத்தினா, பக்கத்து வயலோட சின்ன வாய்க்காலை வெட்டித் தண்ணி எடுக்க ஊர் விடாது. தாய் வாய்க்கால்ல தனி மடை வெச்சு, அதுக்கு ஏத்த அகலத்துல வாய்க்கால் போட்டுக்கன்னு சொல்லும். அப்பவும் ஏரியில எவ்வளவு தண்ணி இருக்குன்னு பார்த்துட்டுத்தான் சொல்லும். மாமா கார்ல செஞ்சதும் இதேதான். கண்ணுக்குத் தெரியுற தண்ணிக்கு நமக்குப் புத்தி இருக்கு, கண்ணுக்குத் தெரியாத கரண்டுக்கு இல்லை.

வெள்ளைக்காரன் சிக்கனம் பிடிச்சு ரெண்டே பீஸ் வெச்சான்னு முன்னாடி நானே கிண்டல் பண்ணியிருக்கேன். இங்கிலாந்துலயே லூக்காஸை இருட்டின் இளவரசன்னு கேலி பேசுவாங்களாம். இப்போ எனக்கு அப்படித் தோணலை. எண்ணூர்ல பூட்டின அந்த 1949 காருக்கு ரெண்டு பீஸ் சரியான கணக்கு. காரைச் செஞ்சவன் நம்ம போன் சார்ஜரைக் கனவுகூடக் கண்டிருக்க மாட்டான். சுமையைக் கூட்டினது நாம. கூட்டினவங்கதான் அதுக்குத் தனி வழி போடணும்.

வண்டி இப்போ நல்லா ஓடுது. பாட்டு செட்டுக்கும் சார்ஜருக்கும் தனித்தனி பீஸ், சாவியை எடுத்தா ரெண்டும் செத்துடும். பசங்களுக்கு அதுல வருத்தம்தான். ஃபாக் லைட் கொட்டாயில தொங்குது. புது டப்பா மூடியில எது எதுக்கு எந்த பீஸ்னு என் பொண்ணு தமிழ்ல எழுதி ஒட்டியிருக்கா. உபரியா நாலு பீஸ் உள்ளேயே இருக்கு. கிளம்பும்போது, நான் சுத்தி வெச்சிருந்த அந்தக் கருகின செம்புக் கம்பியை மாமா ஒரு தாள்ல மடிச்சுக் கையில கொடுத்தார். மோட்டார் ரூம்ல ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்துல ஆணியில மாட்டி வெச்சிருக்கேன். அடுத்த தடவை டிரான்ஸ்ஃபார்மர்ல பீஸ் போனா, ஆளுங்களை அங்கே கூட்டிட்டுப் போய் முதல்ல அதைக் காட்டணும்.